ஏழு பாகை

எஸ்டெவனுக்கு வடக்கே பதினொரு கிலோமீட்டர்.
மைனஸ் முப்பத்துநான்கு.
கையுறைக்குள் கட்டைவிரல் இருக்கிறதா என்று
பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.
அறுத்த கனோலாவின் தாள்கள் பனிக்கு மேலே
மூன்று நாள் தாடியாய் நிற்க,
நடுவில் இது, தலையாட்டிக்கொண்டு,
எதைக் கேட்டாலும் சரி என்பவரைப் போல.

குதிரைத்தலை என்கிறார்கள்.
எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.
நிமிடத்துக்கு ஆறு முறை
ஆயிரத்து நானூறு மீட்டர் இரும்புக் கோலை
இழுக்கும், விடும்.
வருவதில் பத்துக்கு ஒன்பது உப்புத் தண்ணீர்.
மீதி ஒன்றில்தான்
எங்கள் எல்லோருக்கும் சம்பளம்.

டுவேன் ஹ்ரிட்சாக்
மோட்டார் ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டார்.
ஏறும்போது நாற்பத்தொன்று ஆம்பியர்.
இறங்கும்போது முப்பத்தொன்பது.
"சமமாத்தானே இருக்கு? அப்புறம் இது ஏன்?"
என் உள்ளங்கையில் வைத்தார்
உடைந்த பல் ஒன்று. பற்சக்கரத்தின் பல்.
நான்கு வருடத்தில் மூன்றாவது கியர் பெட்டி.

அப்போதுதான் காதைக் கொடுத்தேன்.

டொக்.

சுற்றுக்கு ஒன்று.
தள்ளிக்கொண்டிருந்த பல் தள்ளப்படும் கணம் அது:
முறுக்குவிசை பூஜ்யத்தைத் தாண்டி
அந்தப்பக்கம் இறங்க,
வண்டி போய் மாட்டை முட்டுகிறது.

எடை போதவில்லை என்று
ஆறு வருடமாக எடையை நகர்த்தியிருக்கிறார்கள்,
உள்ளே அரை அங்குலம், வெளியே அரை அங்குலம்.
எடை போதும்.
வரும் நேரம்தான் தப்பு.
சமத்தில் எடுக்க வேண்டியதை
அனாகதத்தில் எடுக்கிறது இந்த இரும்பு.
பாட்டில் என்றால் தலையாட்டி ரசிக்கலாம்.
இங்கே பல் போகும்.

விடுதி அறையில், ஹீட்டர் இரைய இரைய,
கிராங்க்கை மறுபடி வரைந்தேன்.
எடையின் கோட்டைக் கையின் கோட்டிலிருந்து பிரித்து
பன்னிரண்டு பாகை முன்னால் தள்ளினேன்.
கால்கரியில் கேட்ட ஒரே கேள்வி: எவ்வளவு ஆகும்?
நாலாவது பெட்டியைவிடக் குறைவு என்றேன். வார்த்தார்கள்.

பன்னிரண்டு தப்பு.
டொக் இடம் மாறியது, வீட்டைக் காலி செய்யவில்லை.
டுவேன் ஒன்றும் சொல்லவில்லை.
தெர்மாஸ் மூடியில் காபி ஊற்றி நீட்டினார்,
அது சொன்னது.

ஒன்பது. எட்டு. தாளில் மட்டும், எட்டரை.
ஏழில்
வளைகோடு பூஜ்யத்துக்கு மேலேயே
கால் நனைக்காமல் ஓடி முடிந்தது.

மார்ச், இரவு இரண்டேகால்.
மார்லீன் குச்சின்ஸ்கி, அந்த நிலத்துக்காரி.
"உங்க மெஷின் நின்னுபோச்சு."
கணினியில் பார்த்தேன். ஆறு சுற்று, சீராக.
"ஓடுது, மேடம்."
போனை வைக்காமலே கதவைத் திறக்கும் ஓசை,
பூட்ஸ், பனி நொறுங்குவது,
நெடுநேரம் மூச்சு மட்டும்.
"தலை ஆடுது," என்றாள்.
"சத்தம் எங்க?"
பத்தொன்பது வருடமாம்.
அதை எண்ணிக்கொண்டேதான் தூங்குவாளாம்,
புருஷன் போன வருடம்கூட.

என்னிடம் பதில் இல்லை.
வரைபடத்தில் அவளுக்கென்று ஒரு கோடு இருக்கவில்லை.
காலையில் படிவத்தைத் திறந்து எழுதினேன்,
கிணறு பதினாறு, நில உரிமையாளர் புகார்:
சத்தம் இல்லை.
எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்
கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது,
நிமிடத்துக்கு ஆறைவிட வேகமாக.