எட்டு

சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருந்தார்கள்,
வருகிறவர் கண்ணில் படும்படி.
ஆணி அடித்ததில் உதிர்ந்த சுண்ணாம்பு
என் பெயர்மேல் கொஞ்சம் ஒட்டியிருந்தது.
ஜெ. ஜெபக்கனி, குடும்ப ஆலோசகர்,
அடைப்புக்குறிக்குள் பயிற்சி நிலை.
அதற்கும் கீழே, பெயரைவிடப் பெரிதாக,
செல்லுபடியாகும் கடைசி நாள்.

முருகன்குறிச்சியில் மருந்துக்கடைக்கு மேலே அறை.
மூன்றாம் எண்ணில் மட்டும் ஓடுகிற மின்விசிறி.
மூலையில் ரகுமத்து அக்கா, என் மேற்பார்வையாளர்,
கையில் பேனா, வாயில் ஏலக்காய்.

முக்கூடலிலிருந்து வந்திருந்தார்கள்.
பிரம்மசக்தி உட்கார்ந்ததும் அறைக்குள்
பீடித்தூள் வாசம் வந்து உட்கார்ந்தது.
சொரிமுத்து லோடு வண்டி ஓட்டுகிறவர்.
நாற்பது நிமிடம் வாய் திறக்கவில்லை,
சுவரைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"மார்ச்சு முப்பத்தொண்ணு வரைக்குந்தானா இது?"
"ஆமா."
"அப்பொறம்?"
"புதுப்பிக்கணும். இன்னும் நூத்திப் பன்னெண்டு மணி நேரம் பாக்கி இருக்கு."
"ஆரு கூட?"
"உங்கள மாதிரி வாறவங்க கூட."

தொடையில் தட்டிச் சிரித்தார்.
"எல்.எல்.ஆர்! லைசென்ஸு உள்ளவுக
பக்கத்துல இருந்தா ஓட்டலாம், அப்படித்தான?
அப்போ நாங்கதான் கிரவுண்டு.
எங்க மேலயா எட்டு போடுதிய?"

பிரம்மசக்தியும் சிரித்துவிட்டாள்.
உடனே முந்தானையால் வாயைத் துடைத்தாள்,
சிந்திவிட்டதைத் துடைப்பதுபோல.

போட்டது எட்டுதான்.
தங்கச்சி கல்யாணக் கடனில் கிளம்பி
அடகுக்குப் போன கம்மலில் வளைந்து
அவர் தண்ணியடித்த ராத்திரிகளைச் சுற்றி
அவள் பேசாமல் இருந்த மாதங்களைச் சுற்றி
எந்தப் பக்கம் போனாலும் வெட்டிக்கொள்வது ஓரிடத்தில்:
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
அவர் வராத மூன்று நாள்.
அந்த இடம் வந்ததும் இரண்டு பேரும்
கைப்பிடியை வேறு பக்கம் திருப்பினார்கள்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
"எங்க வீட்டுலயும்..." என்று.
மூலையில் பேனா நின்றது.
கால் ஊன்றினால் அங்கேயே தோல்வி.
விழுங்கிவிட்டு, "அந்த மூணு நாளும்
நீங்க எங்க இருந்திய?" என்றேன், அவரிடம்.
வாசலுக்கு வெளியே, என்றார்.
மூணு நாளும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, வண்டியில்.
பிரம்மசக்தி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆனால் கை மட்டும் பையின் வாரை விட்டது.

குறிப்பேட்டில் எழுதினேன்: தம்பதி, ஒரு மணி நேரம்.
மௌனத்துக்கென்று தனிப் பத்தி கிடையாது.
நாற்பது நிமிடத்தையும் சேர்த்தே
அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து தடவை வந்தார்கள்.
ஆறாவதுக்குள் என் தேதி முடிந்தது.
விண்ணப்பம் சென்னையில் ஏதோ ஒரு மேசையில்.
கேட்கும்போதெல்லாம், நிலுவை.
கோப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டு
வெளியே உட்கார்ந்து டோக்கன் எழுதினேன்.
அவர்கள் உள்ளே போனார்கள், கதவு சாத்தியது.
விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
உள்ளே பேச்சா, அழுகையா,
தெரிந்துகொள்ள எனக்கு உரிமம் இல்லை.

வைகாசியில் ஒரு சாயங்காலம், வண்ணார்பேட்டை.
முக்கூடல் பஸ்ஸில் பிடிக்க இடமில்லாமல் நிற்கிறேன்.
மூன்றாவது இருக்கையில் பிரம்மசக்தி, தனியாக.
அவர்கள் முதலில் பேசினால்தான் நாம் பேசலாம்.
அறைக்கு வெளியே அவர்களை நமக்குத் தெரியாது.
பாடத்தில் இருக்கிறது, பரீட்சையிலும் கேட்டார்கள்.
ஜன்னலைப் பார்த்தேன்.
அவளும் ஜன்னலைத்தான் பார்த்தாள்.
பிறகு பையைத் தூக்கி மடியில் வைத்தாள்.
உட்கார்ந்தேன். ஜங்ஷன் போனது, டவுன் போனது.
பேட்டை வந்ததும் எழுந்தேன்.

"அந்தக் கார்டு வந்துட்டா?"
"இன்னும் வரல."
"எங்களுக்குந்தான்."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.
நகரத் தொடங்கிய படியிலிருந்து
ஒரு காலை ஊன்றினேன்.