பதினான்கு வரி தள்ளி

புதிய பதிப்பு வந்திருக்கிறது.
தோர்ஷவ்னில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
மார்யுன் மூலப் பொதியைப் பிரித்துவைக்கிறாள்.
ஏழு ஒட்டுகள்,
எழுதிவைத்த வரிசையில்
ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும்.

முதலாவது ஏறியது.
இரண்டாவது பதினான்கு வரி தள்ளிப்போய் ஏறியது,
உரிம வாசகத்தை யாரோ நீட்டியிருக்கிறார்கள்.
மூன்றாவது
மாட்டேன் என்றது.

மூன்றாவது அவளே எழுதியது.
ஓதக் கணக்கில், நீர் ஏறும் உயரத்தால் வகுக்கும் இடம்.
இந்தத் துறைமுகத்தில் கடல்
ஒரு சாண் ஏறினாலே அதிகம்.
பூச்சியத்தை உரசும் எண்ணால் வகுத்தால்
திரையில் மலையளவு அலை எழுந்து நிற்கும்.
ஒன்பது வருடம் முன்பு திருத்தி அனுப்பினாள்.
"அப்படியொரு கடல் எங்கள் பட்டியலில் இல்லை"
என்று பதில் வந்தது.
அன்றிலிருந்து பதிப்புக்குப் பதிப்பு
அதே கிழிசல், அதே ஊசி.

மறுத்த துண்டைத் திறந்து பார்க்கிறாள்.
அவள் சேர்க்கப்போன நான்கு வரியும்
ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கின்றன.
மாறிகளின் பெயர்தான் வேறு.
நன்றி, கோட்கா நகரத்து யாரோ ஒருவருக்கு.
அங்கேயும் கடல் எழுந்திருக்காது போலும்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
பிறகு வரிசையில் மூன்றாவது பெயரை அழித்தாள்.

மறுபடி ஏற்றினாள்.
நான்கு, சரி. ஐந்து, சரி.
ஆறாவதை
மூன்றாவதின் மேல்தான் தைத்திருந்தோம் என்பது
அது அறுந்த பிறகே ஞாபகம் வந்தது.

ஆறிய காப்பியைச் சூடாக்க எழுந்தாள்.
ஜன்னலுக்கு வெளியே படகுகள்
காலையில் நின்ற அதே உயரத்தில்.