மாவுக்கட்டு அறையில் ஒரு பசு

இன்டர்லாக்கன் ஆஸ்பத்திரியில்
மாவுக்கட்டு போடுவது என் வேலை.
பனிக்காலத்தில் சரிவிலிருந்து வருவார்கள்,
கோடையில் வானத்திலிருந்து.
கட்டு இறுகும்போது கொஞ்சம் சூடு ஏறும்.
"ஐயோ, சுடுதே" என்று கத்துவார்கள்,
ஆயிரம் அடிப் பாறையிலிருந்து குதித்தவர்கள்.

இரவு இரண்டு மணிக்குப் பிறகு
யாரும் விழுவதில்லை.
அப்போதுதான் நோயாளிப் பட்டியலுக்குப் பின்னால்
இன்னொரு ஜன்னலைத் திறப்பேன்.
ஒரு மலை. ஒரு சறுக்குவண்டி. அதில் ஒரு பசு.
அவ்வளவுதான் விளையாட்டு.
அம்புக்குறியை அழுத்தினால் பாயும்,
தேவாலய மணியை வாலால் அடித்து
ரயிலின் முதுகில் குட்டிக்கரணம் போட்டு
நிலாவில் கொம்பை உரசிவிட்டு வரும்.
விழுந்தால்
நாலு காலும் நாலு திசைக்குப் போகும்.
ஆர் பொத்தானை ஒரு தட்டு:
கால்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ள
ஒரு 'ம்மா', மறுபடி உச்சி.

எலும்பு கூட எத்தனை கிழமை என்று
தினமும் ஒன்பது பேருக்குச் சொல்கிறவளுக்கு
இதைவிட இனிப்பு வேறென்ன இருக்கிறது?

யானிக் ட்சுர்பூகன் வந்தது ஜூலைக் கடைசியில்.
லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில்
சிறகுச் சட்டையோடு குதித்து
குடை பிந்தி விரிந்து
ஒரு மாட்டுக்கொட்டிலின் கூரைவழியே
உள்ளே இறங்கியிருந்தான்.
இரண்டு குதிகாலும் நொறுங்கி,
ஒரு முழங்காலின் கீழ் முறிந்து.
மாடு அசைபோடுவதை நிறுத்தவேயில்லை என்பது
அவனுக்கு எலும்பைவிடப் பெரிய குறை.

மற்றவர்கள் வலியைச் சொல்வார்கள்.
இவன் ஏழு செக்கனைச் சொன்னான்.
"முதல் செக்கனில் காற்றே இல்லை.
சத்தம்கூட இல்லை.
வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும்,
பிறகு ஓடிவந்து என்னைப் பிடிக்கும்."

மூன்றாம் இரவு தூக்கமில்லாமல்
சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.
மறைக்க நேரமில்லை, பசு நிலாவடியில் இருந்தது.
கொஞ்ச நேரம் பார்த்தான், நெற்றியைச் சுருக்கி,
பெரிய வித்துவான் மாதிரி.
"தலையை முன்னுக்கு நீட்டுது. பின்னால் சாயச் சொல்லு."

அக்கா மகன் காட்டித்தந்த வித்தை ஒன்று உண்டு.
பக்கத்தின் அடிவயிற்றைத் திறந்தால்
நூறு வரிக்குக் கீழே ஒரு வரி:
ஈர்ப்பு, பூச்சியம் புள்ளி மூன்று.
காட்டினேன்.
யானிக் அந்த எண்ணை
கடன் சீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.
"ஒன்பது புள்ளி எட்டு ஒன்று போடு."
போட்டேன்.
பசு பாயவில்லை, பறக்கவில்லை,
சாக்கிலிருந்து நழுவிய பூசணிக்காய்போல
நேரே
தொப்.
சிரித்தோம்.
அவனுக்கு விலா வலித்தது,
எனக்குக் கண்ணில் தண்ணீர்,
ஊர்சினா மருந்துத் தட்டோடு ஓடிவந்து
இருவரையும் முறைத்துவிட்டுப் போனாள்.

"இனிக் கழித்தல் குறி போடு," என்றான் மெதுவாக.
பசு எழுந்தது. வண்டி கீழேயே நின்றது.
கூம்பு, நிலா, திரையின் விளிம்பு
எல்லாம் தாண்டிப் போனது.
ஆர் தட்டவில்லை நாங்கள்.
அது இன்னும் இறங்கவில்லை.

கட்டு வெட்டிய நாளில்
அவன் கால்கள் கொக்குக்கால்களாய் இருந்தன.
அடுத்த கோடை மறுபடி குதிப்பானாம்.
"இந்தப் பக்கம் வராதே," என்றேன்.
போய்வா என்று சொல்ல
எங்கள் அறையில் அதுதான் வார்த்தை.

போன ஞாயிறு மியூரனுக்குக் கயிற்று வண்டியில் போனேன்.
கம்பத்தைத் தாண்டும் இடத்தில்
பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி முன்னால் விழும்.
ஜப்பானியக் குடும்பம், நாயோடு ஒரு கிழவர்,
பனிச்சறுக்குக் கட்டையோடு இரண்டு பெட்டைகள்,
எல்லாருக்கும் ஒரே மொழி: "ஓ...!"
அரைச் செக்கன்.
என் எடை என்னை மறந்துபோன அரைச் செக்கன்.
கைப்பிடிக் கம்பியில் என் சுட்டுவிரல்
ஒரு பொத்தானைத் தேடுவதைக் கண்டேன்.
பயத்தில் இல்லை.
இன்னொரு தரம் வேண்டும் என்று.

கீழே பச்சையில்
ஒரு கொட்டிலின் கூரையில் மட்டும்
ஏழெட்டுப் புது ஓடுகள்.