களியோடை, சுபஹுக்கு முன்

மார்கழி வாடை
பாலத்துக் கம்பியில் ஊளையிடுகிறது.
கீழே, கல்லில் நாங்கள்.
மகளின் மழைக்கோட்டு
எனக்கு முழங்கைவரைதான்.
காலில் பாண் வாங்கிய பொலித்தீன் பை,
அதற்குமேல் சப்பாத்து.

உதுமாலெவ்வை பிளாஸ்கைத் திறந்தான்.
இஞ்சித் தேத்தண்ணி, பாதி ஆறியது.
"விரல் மரத்துப் பெய்த்து மச்சான்,
மீன் கொத்தினாலும் வெளங்கா."

தங்கூசியைக் காதில் ஒரு சுற்று சுற்றிவிட்டு
இறால் நாறும் கையை
ஆற்றுக்குள் விட்டேன்.
கறந்த பாலின் வெதுவெதுப்பு.
நேற்றைய வெயில்
இதற்குள்தான் ஒளித்துக் கிடந்திருக்கிறது.

காது இழுபட்டது.

ஒன்றரைக் கிலோ கொடுவா.
மடியில் போட்டு அமத்தினேன்.
துடித்து அடங்கும்வரை
அதுவும் சூடாகத்தான் இருந்தது.
பிறகு மெல்ல
எங்கள் குளிருக்கு வந்துவிட்டது.