காதுவெட்டு

இந்த ஈத்தில் இது ஆறாவது.
கீழ்த்தாடை அரை விரற்கடை உள்ளே.
காம்பு பிடிபடவில்லை, பால் கழுத்தில் வழிகிறது.
தாய் திரும்பித் திரும்பி முகர்ந்து பார்க்கிறது,
தன் தப்பு என்பதுபோல.

நோட்டை எடுத்தேன்.
மளிகைக் கணக்குக்குப் பின்பக்கம் ஆட்டு வம்சம்.
ஆறுக்கும் அப்பன் ஒன்றுதான்:
வெள்ளைக் கிடா, வயிற்றில் மசி தெளித்த கறுப்பு,
சிவகங்கைக் கண்காட்சியில்
எனக்கொரு சில்வர் அண்டா வாங்கித் தந்தது.
ஆறில் நாலுக்குத் தாயும்
அதன் மகள்.

பள்ளத்தூர் டாக்டர் மெஹருன்னிசா
குட்டியின் வாயில் விரல் விட்டுப் பார்த்தார்.
"செட்டியார் வீட்டில் பெண் கேட்டுப் போனால்
முதல் கேள்வி என்னம்மா?"
"எந்தக் கோயில் என்பார்கள்."
"உங்கள் கிடா கேட்டதா?"
சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
ஒரு பக்கம் மட்டும் வந்தால் பதுங்கிக் கிடக்குமாம்,
பிள்ளைக்கும் பேரனுக்கும்
சத்தமில்லாமல் கை மாறுமாம்.
இரண்டு பக்கமும் சேரும்போதுதான்
வாசலில் வந்து நிற்கும்
வட்டியோடு.

மறுநாள் குட்டியானையில் கிடாவை ஏற்றிக்கொண்டு
கல்லல் போனேன், சாத்தையாவின் பட்டிக்கு.
கிடாவுக்குக் கிடா, பணம் வேண்டாம் என்று பேச்சு.
அவர் ஓட்டி வந்ததும் வெள்ளைதான்.
முறுக்குக் கொம்பு, பல்வரிசை சுத்தம், நல்ல நெஞ்சகலம்.
கை பழக்கத்தில் இடது காதைத் தடவியது.
இரட்டை வெட்டு.
இரண்டாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது.
சேவுகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆன வருஷம்
மொக்கைக் கத்தியால் நான் போட்டது,
நானே விற்றது.
என் கிடாவுக்கு மூத்தவன்.
"திருவாடானைச் சந்தையில் வாங்கினேன்,
வெளியூர்ச் சரக்கு என்றானே," என்கிறார் சாத்தையா,
தன் குட்டிகளின் பக்கம் பார்க்காமல்.
"உங்களுக்கு இந்த வருஷம் எத்தனை?"
"மூணு," என்றார் பிறகு.

இரண்டு கிடாவும் ஒன்றையொன்று முட்டவில்லை.
வண்டி வாடகை ஆயிரத்து இருநூறு.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒருவர் இருக்கிறாராம்,
போன் எடுக்கவில்லை.
கோட்டையூர்க் கறிக்கடைக்காரர் மட்டும்
இரண்டு தடவை அழைத்துவிட்டார்.

ராத்திரி, ஆறாவதை மடியில் வைத்துப்
பாட்டில் பால்.
இது பெட்டை. அழகி. கொலுசு போட்டாற்போல் காலில் கறுப்பு வளையம்.
நோட்டில் இதற்குக் கீழே கோடு இழுத்துவிட்டேன்.
கோட்டுக்குக் கீழே எழுத எதுவும் வராது.
அது நிப்பிளைத் தவறவிடுகிறது,
என் சுண்டுவிரலைப் பிடிக்கிறது,
மறுபடி தேடுகிறது.