ஆறு அங்குலம்

மூன்றாம் நாள்.
யூனியன் பிளேசில் ஏழாம் மாடி.
காது விறைக்கிற குளிர்.
சுவர் முழுக்கப் பழுப்புத் தாள்.
பொறியியலாளர் பதினொரு பேர், முகாமையாளர் ஒன்பது பேர்,
ஆளுக்கொரு நிறப் பேனை.

தெரிந்த பிரச்சினை ஒன்றை எழுதுங்கள்,
அது எதனால் என்று ஒரு அம்பு போடுங்கள்,
அது எதனால் என்று இன்னொன்று.
தாள் முடிந்தால் தாள் தருவோம் என்றார்கள்.

நான் எழுதினேன்: ஒழுங்கையில் வெள்ளம்.
வெள்ளவத்தை, கால்வாய்க்கு இந்தப் பக்கம்,
ஐப்பசி பிறந்தால் முழங்கால் வரை.

கொள்வனவுப் பிரிவு ஷிராஸ் எழுந்து வந்தார்.
கான் வாயில் கிடந்த இரும்பு மூடிகளை
இரவில் யாரோ கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றார்கள்.
இவர் கொங்கிரீட் மூடி வாங்கிப் போட்டார்.
கள்ளனாலும் தூக்க முடியவில்லை,
தண்ணீராலும் நுழைய முடியவில்லை.
மூடிக்கு நான்கே துளை.
அந்த வருட அறிக்கையில்
களவு பூச்சியம் என்று பச்சைக் கட்டத்துக்குள் போட்டாராம்.
சொல்லிவிட்டுப் பேனையின் மூடியைக் கடித்தார்.

அம்பு.

தெருவில் தேங்கியது. நான் தெருவை உயர்த்தினேன்,
ஆறு அங்குலம் தார்.
அன்றைக்கு வீடுகள் எல்லாம் ஆறு அங்குலம் தாழ்ந்தன,
ஒருவரும் ஒரு கல்லையும் அசைக்காமலே.
பன்னிரண்டாம் இலக்கத்துப் பல்வைத்தியர்
வாசற்படியைக் கட்டி உயர்த்தினார்.
அவர் படி தடுத்த தண்ணீர் பதினான்குக்குப் போயிற்று.
பதினான்கு இன்னும் இரண்டு கல் வைத்தது.
பதினாறு, பதினான்கைப் பார்த்து மூன்று வைத்தது.
படி கட்டக் காசில்லாத கடைசி வீட்டில்
குளிர்சாதனப் பெட்டி மிதந்தது.
பழுதான பெட்டியை இரவோடிரவாகக்
கால்வாயில் தள்ளினார்கள்.
அதில் ஒரு மெத்தை மாட்டியது,
மெத்தையில் ஆகாயத்தாமரை,
தாமரையில் ஊரின் பிளாஸ்டிக் முழுக்க.

அம்பு, அம்பு, அம்பு.
கடைசி அம்பு திரும்பிவந்து
நான் முதலில் எழுதிய சொல்லையே குத்தியது.

நிதிப் பிரிவு நிரோஷினி மெதுவாகச் சொன்னாள்:
நீங்கள் பம்பு வைத்தபின் முறைப்பாடு குறைந்தது,
அதனால்தான் கால்வாய் துப்புரவுக் காசை வெட்டினேன்.
உண்மைதான். பம்பு தண்ணீரை அக்கரைக்குத் தள்ளியது.
அக்கரை வேறு பிரிவு.
அந்த முறைப்பாடுகள் வேறு மேசையில் ஈரமாகிக்கொண்டிருந்தன.

அம்பின் குறுக்கே இரண்டு சிறு கோடு போட்டால்
தாமதம் என்று அர்த்தம். முதல் நாளே படித்தது.
தாருக்கும் மிதந்த பெட்டிக்கும் நடுவில்
நான்கு வருடம் இருந்தது.
அந்த இரண்டு கோட்டுக்குள்தான்
எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.
தெரு உயர்ந்ததற்காக.

அதை எங்கே போடுவது?
தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில், "நான்".
இவ்வளவு நேரமும்
வெளியே நின்று வரைகிறேன் என்றல்லவா இருந்தேன்.

நாலரைக்கு மழை பிடித்தது.
காலி வீதியில் பஸ் நகரவில்லை.
பம்பு காவலில் நிற்கும் சேனாதீர கூப்பிட்டார்.
"மிஸ், போடவா?"
போன வாரமென்றால் போடு என்றிருப்பேன்.
"அக்கரையில் எவ்வளவு நிற்கிறது?"
மழைச் சத்தம் மட்டும் கேட்டது.
"அந்தப் பக்கம் நான் போனதில்லை மிஸ்."
"நானும்தான். பாலத்தால் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்."

பத்து நிமிடம் ஆகும்.
பத்து நிமிடத்தில் பன்னிரண்டாம் இலக்கத்தின்
முதல் படியைத் தண்ணீர் தொடும், கணக்குத் தெரியும்.
பதினான்கின் புதுக் கல் காய்ந்தபடியே இருக்கும்.

புகை படிந்த கண்ணாடியில் விரலால்
இரண்டு கோடு போட்டேன்.
அவற்றுக்கிடையே ஒரு துளி வழுக்கிக்கொண்டு வந்தது.
மடியில் போன் மறுபடி அதிர்ந்தது.
சேனாதீர இல்லை.
கடைசி வீட்டு இலக்கம்.

எடுத்தேன்.