இரண்டு ஓரம்

ஏற்காடு கிளப். ஆடிச் சாரல்.
மேனேஜர் பொன்னப்பா ஃபவுல்.
வெள்ளை போய்ப் பச்சைக்குப் பின்னால் பதுங்கியது.
மிச்சம் ஒரே சிவப்பு.

“பாதி தெரியுதே, அப்புறம் என்ன ஃப்ரீ பால்?”
காபிக் கிடங்கு ஆரோக்கியநாதன்
பேசாமல் க்யூ நுனியில் சாக்கைத் திருகுகிறான்.

குனிகிறேன். மேசைத் துணியில் கன்னம். ஈரம்.
இடது ஓரம் சரி.
வலதைப் பச்சை
ஒரு மயிரிழை தின்றிருக்கிறது.
பாதி போதாது சார்,
ரெண்டு ஓரமும் நேராத் தொடணும்.
என் சம்பளத்தில் கையெழுத்துப் போடுகிறவர்.

“ஃப்ரீ பால்.”
குரல் பிசிறியது.

அவன் கறுப்பைக் காட்டினான்.
ஏழு மதிப்பு; இந்த ஓர் அடிக்குச் சிவப்பு.
விழுந்தது. பலகையில் ஒன்று ஏற்றினேன்.
எடுத்து அதன் புள்ளியில் வைத்ததும்
மறுபடி கறுப்பு.

ஜன்னல்வரை மஞ்சு.
வெளியே மேனேஜர் ஜீப்புக்கு டிரைவர் விளக்குப் போட்டான்;
எனக்கு ஒன்றுதான் தெரிந்தது.